அலசாத நூல்

"அப்போது நீ சின்னப் பையன்தானே" என்று தொடங்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம். இதைப் படிக்கப் போவது பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான் என்று தெரியும். எழுபதைத் தாண்டிய நமக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் உங்கள் சிறுவயதுத் தப்பைச் சொல்வீர்கள், நான் சிரித்துத் தலையாட்டுவேன். என் முறை வரும்போது நீங்கள் சிரிப்பீர்கள். அந்த ஏற்பாட்டுக்கு நான் வரவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் பக்கத்தில், சிவகாசி போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளி. மழையைப் பார்த்து விதைக்கிற கரிசல் நிலம் எங்களுக்குக் கொஞ்சம் இருந்தது. அடுத்தடுத்து மழை பொய்த்ததில் அண்ணன் சிவகாசியில் ஒரு வெடி கம்பெனிக்குப் போர்மேன் வேலைக்குப் போனார். எனக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். நடுவில் அக்கா.

அண்ணன் மனைவி, என் மதினி, மூணாறிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பாவும் நம் பக்கத்து ஆள்தான். தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தார். குளிரில் வளர்ந்தவள் என்பதால் பள்ளிக்கூடத்திலேயே பின்னல் கற்றிருந்தாள். கல்யாணமாகி வந்தபோது அவள் டிரங்குப் பெட்டியில் இரண்டு எஃகு ஊசிகளும் பாதி பின்னிய பச்சை ஸ்வெட்டரும் இருந்தன. எங்கள் ஊரில் கம்பளி என்றால் ஆட்டுக்காரர் தோளில் கிடக்கிறது ஒன்றுதான். குழாயடியில் பெண்கள் சும்மா விடுவார்களா?

"மூணாறு மதினி, இந்த வெயிலுக்கு உல்லன் சட்டை யாருக்கு? எங்க வீட்டுக் காளைக்கா?"

"ஒங்க வீட்டுக்காரருக்குத்தான். ராத்திரி நீங்க பேசுறதக் கேட்டு நடுங்குறாராமே?"

அவள் வாய்க்கு எங்கள் ஊர் சீக்கிரமே பழகிவிட்டது.

கொண்டுவந்த கம்பளி தீர்ந்தது. ஒரு ஊசியும் தொலைந்தது. குடைக்கம்பியை அறுத்துத் தரையில் தேய்த்து இன்னொன்று செய்துகொண்டாள். நூலுக்குத்தான் வழியில்லை. அதை அண்ணன் கொண்டுவந்தார்.

வெடிக்குத் திரி செய்ய, பருத்தி நூலை மரச்சட்டத்தில் வரிவரியாக இழுத்துக் கட்டி மருந்து பூசிக் காயவைப்பார்கள். கட்டியது போக முனையில் முழம், ஒன்றரை முழம் என்று மிஞ்சும். அதை வெட்டி மூலையில் தள்ளுவார்கள். அண்ணன் அந்தத் துண்டு நூலைக் கட்டுக்கட்டாகச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார். மருந்து பட்ட கறுப்பு நூலை யாரும் தொடமாட்டார்கள். சிக்கல் வெள்ளையில். சில வகைத் திரிக்கு நூலை முதலில் வெடியுப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். உப்பு ஏறிய நூலும் ஏறாத நூலும் பார்வைக்கு ஒன்றுதான்.

முதல் நாள் அண்ணன் இரண்டிலும் ஒரு விரற்கடை வெட்டி, அடுப்புக் கங்கை வைத்துக் காட்டினார். வெறும் நூல் கறுத்து அணைந்தது. மற்றதில் ஒரு சிவப்புப் புள்ளி 'உஸ்'ஸென்று ஓடி, மறுமுனையில் போய்த்தான் நின்றது. எனக்கு வெடியைவிட அது பிடித்திருந்தது. திரும்பத் திரும்பக் கொளுத்தச் சொன்னேன்.

"மூணு தண்ணி அலசினா உப்புப் போயிரும். பெறகு இது வெறும் நூலு" என்றார் அண்ணன்.

மதினி தனக்கென்று ஒரு சோதனை வைத்திருந்தாள். அலசிக் காய்ந்த நூலை நாக்கு நுனியில் வைப்பாள். சில்லென்று இருந்தால் வெடியுப்பு இன்னும் இருக்கிறது, இன்னொரு தண்ணீர். எனக்கும் அதைப் பழக்கினாள். பெப்பர்மிண்ட் மாதிரி ஒரு குளிர்ச்சி, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு. இன்றைக்கும் என் நாக்கு அதை மறக்கவில்லை.

துண்டு நூலை முடிச்சுத் தெரியாமல் சேர்த்து உருண்டையாகச் சுற்றினாள். தண்ணீர்க் குடத்துக்குச் சும்மாடு பின்னினாள். வைக்கோல் சும்மாடு தலையை அறுக்கும். இது மெத்தை மாதிரி இருந்தது. தூக்குச்சட்டிக்கு உறை பின்னினாள், கம்பெனிக்கு நடந்து போகிற பெண்கள் தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி. தெருக்கோடியிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கும் வெடி கம்பெனிக்கும் போகிற பெண்கள் அவர்கள். அதற்கு முன் எங்கள் நிலத்தில் களை எடுத்தவர்கள். இப்போது எங்கள் வாசலில் நின்று ஆர்டர் சொன்னார்கள்.

"எங்க மாமியா வாய்க்கு ஒரு உறை பின்னித் தாங்க தாயி."

"அம்புட்டு நூலுக்கு நான் எங்க போவேன்?"

ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நம்ம வீட்டு மருமக, களையெடுக்க வந்தவளுகளுக்குச் சும்மாடு பின்னுறா. நல்லா இருக்கு."

மதினி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "கொடம் தூக்குறவ தலைதான மாமா வலிக்கும்? நம்ம வீட்டுல யாரு தூக்குறோம்?"

ஐயா கையைக் கழுவி எழுந்துவிட்டார். அந்தக் கணக்கை அவர் மனதில் வைத்துக்கொண்டார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

அந்த வருடம் ஆனியில் அக்காவுக்கு எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மதினிக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. ஆடி பிறந்ததும் பிள்ளை வரம் வேண்டிச் செவ்வாய் விரதம் எடுத்தாள். அன்று முழுக்க உப்பு நாக்கில் படக்கூடாது. உப்பில்லாத பச்சரிசிக் கொழுக்கட்டைதான் சாப்பாடு.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களில் பலருக்குத் தெரியும். புழுதியும் முள்ளும் பறக்கும். "பிள்ள காதுல காத்து அடிக்கு" என்று அக்கா அழுதாள். "காத மூடுற மாதிரி குல்லா பின்னிருவோம்" என்று மதினி சொன்னாள். வீட்டில் நூல் இல்லை. அண்ணன் முந்தின நாள் கொண்டுவந்த கட்டு ஒன்றுதான் இருந்தது. உப்பு ஏறிய கட்டு.

அன்று செவ்வாய்க்கிழமை.

"ஏலே கொழுந்தனாரே, கெணத்துக்குப் போயி மூணு தண்ணி அலசிட்டு வா. கட்ட அவுத்து அலசணும். காஞ்சதும் நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லு. இன்னைக்கு நான் வைக்கக் கூடாது, உப்பு."

அன்றைக்கு என் நாக்குத்தான் அவளுக்கு நாக்கு.

கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. ஒரு வாளி இழுக்கவே கை எரிந்தது. மாட்டுத் தொட்டியில் ஒரு வாளி ஊற்றினேன். அந்த நேரத்தில் பாதையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. சிவகாசி அச்சாபீசில் கழித்த தீப்பெட்டி லேபிள் தாள்கள், வண்டி நிறைய. மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டிக்காரர் இறங்கினார். காற்றில் தாள்கள் பறந்தன. சிவப்பு விழுந்து மஞ்சள் விழாத கிளி, இரண்டு மூக்குள்ள மயில், தலைகீழாக அச்சான விளக்கு. லேபிள் சேர்க்கிற பையனுக்கு அது என்ன என்று நீங்களும் அறிவீர்கள். ஒரு கிளிக்குப் பத்து சாதா லேபிள் மாற்றலாம்.

கட்டை அவிழ்க்காமல் அப்படியே தொட்டியில் ஒரு முக்கு முக்கி, வேலியில் போட்டேன். வண்டி போகிற வரைக்கும் லேபிள் பொறுக்கினேன். வண்டி நகர்ந்ததும் பின்னாலேயே ஓடினேன். திரும்பி வந்தபோது நூல் காய்ந்திருந்தது.

கேளுங்கள். நான் அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மறந்துவிட்டேன் என்றோ, தெரியவில்லை என்றோ சொல்ல வழியில்லை. இன்னும் இரண்டு வாளி இழுக்க வேண்டும், கை வலித்தது, சட்டை ஜோபியில் கிளிகள் இருந்தன. வீட்டுக்கு நடந்தேன்.

"மூணு தண்ணியும் அலசினியாலே?"

"அலசினேன் மதினி."

"நாக்குல வச்சியா?"

"வச்சேன். ஒண்ணுமில்ல."

உருண்டை சுற்றும்போது அவள் விரல் நின்றது. "என்னலே, சொரசொரங்குது?"

"கஞ்சி போட்ட நூலு மதினி" என்றேன். அவ்வளவு சரளமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை குல்லா முடிந்தது. வெள்ளைக் குல்லா, காதை மூட இரண்டு மடல், மோவாயில் கட்ட நாடா. வெள்ளிக்கிழமை குழந்தைக்கு எண்ணெய்க் குளியல். அம்மா குளிப்பாட்டித் துடைத்து, காற்றுக்குப் பயந்து உடனே குல்லாவை மாட்டி, கங்குச் சட்டியில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டினாள். வாசல் கதவு காற்றில் அடித்துத் திறந்தது. சட்டியிலிருந்து ஒரு பொறி எழுந்தது.

பொறி துணியில் விழுவது எங்கள் ஊரில் தினமும் நடக்கிற காரியம். கையால் தட்டினால் போய்விடும். அம்மாவும் தட்டினாள். அது போகவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிவப்புப் புள்ளி இடது காது மடலில் தொடங்கி, ஒரு வரிசைப் பின்னல் முழுக்க ஓடி, அடுத்த வரிசைக்கு ஏறியது. 'உஸ்' என்ற அந்தச் சத்தம். நாடா முடிச்சு அம்மாவின் கைக்கு அவிழவில்லை. மதினிதான் பாய்ந்து வந்து, பல்லால் நாடாவைக் கடித்துக் குல்லாவைப் பிய்த்தாள். அவள் உதடும் பொத்துப்போனது.

குழந்தை பிழைத்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தது. இடது காதின் மேல்பாதி சுருண்டு போனது. அதற்கு மேலே முடி முளைக்கவேயில்லை.

மூன்றாம் நாள் அக்காவின் மாமியார் வீட்டார் வந்து இறங்கினார்கள். அக்காவும் அம்மாவும் ஆஸ்பத்திரியில். எங்கள் வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பச்சப் பிள்ள தலையில திரியப் பின்னி வச்சிருக்கீக. இது வீடா, வெடி கம்பெனியா?" என்று மாமியார்க் கிழவி கத்தினாள்.

மதினி உள்ளே போய், குல்லா பின்னியது போக மிச்சமிருந்த உருண்டையைக் கொண்டுவந்தாள். எல்லார் முன்னாலும் அதைப் பாதியாக வெட்டினாள். ஒரு பாதியை மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் விரித்தாள். அது காய்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. காய்ந்ததும் இரண்டு பாதியிலும் கங்கு வைத்தாள். ஒன்று ஓடியது. மற்றது கறுத்து அணைந்தது.

"பாத்துக்கோங்க. அலசியிருந்தா இப்படித்தான் அணைஞ்சிருக்கும். இது அலசாத நூலு." அவள் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஐயா கேட்டார். "ஏலே, அலசினியா?"

"அலசினேன்."

"எம்புட்டுத் தண்ணி?"

"மூணு."

"சின்னப் பய எதுக்குப் பொய் சொல்லப் போறான்? அவனுக்கு என்ன வந்துச்சு?" என்றார் ஐயா.

அதன் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. அவள் காட்டிய நிரூபணமே அவள் மேல் திரும்பியது. "அப்போ எது ஓடும், எது ஓடாதுன்னு அம்புட்டும் இவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் கிழவி. "தெரிஞ்சேதான் போட்டிருக்கா. பிள்ள வரத்துக்கு வெரதம் இருக்கவ கண்ணு அடுத்தவ பிள்ள மேல எப்படி இருக்கும்?"

ஒருவர்கூட மறுக்கவில்லை. உப்பு ஏறிய கட்டு கம்பெனியிலிருந்து எப்படி வீட்டுக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர் தூணருகே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூணாறுக்குப் போகச் சொன்னார்கள். மதினி போகவில்லை. அவள் கையால் சமைத்ததை யாரும் தொடவில்லை; முற்றத்தில் மூன்று கல் வைத்துத் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டாள். பகல் முழுக்கத் தெருப்பக்கம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, அலசிய அந்தப் பாதி நூலில் சும்மாடு பின்னினாள். ஐயா "அந்த எழவ இன்னுமா கையில வச்சிருக்கா?" என்று கேட்டார். "தப்பு செஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டேன் மாமா" என்று பதில் வந்தது. கம்பெனிக்குப் போகிற பெண்களில் ஒருத்தி, ஊர் பார்க்க வாசலில் நின்று, "எனக்கு வேணும் தாயி, நான் வச்சுத் தூக்குறேன்" என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஏழு நாள் அப்படி இருந்தாள். எட்டாம் நாள் காலையில் வண்டி கட்டினார்கள். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது, இவள் இருந்தால் நான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். மதினி பெட்டியோடு வெளியே வந்தாள். அண்ணன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நின்றார்.

"போறேன்" என்றாள். "ஒரே ஒரு காரியம். கொழுந்தனார் என் மூஞ்சிய நேராப் பாத்து, அலசினேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஏறிருதேன்."

என்னை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அவள் கீழுதட்டில் பொத்த புண் இன்னும் ஆறவில்லை. அந்தப் புண்ணையும் அவள் கண்ணையும் நேராகப் பார்த்தேன்.

"அலசினேன்" என்றேன்.

அவள் ஏறிவிட்டாள்.

அடுத்த வருடம் அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவர் சம்பளத்தில்தான் நான் மதுரையில் பி.ஏ. படித்தேன். படிப்பு முடிந்த கோடையில் யாரிடமும் சொல்லாமல் மூணாறுக்குப் பஸ் ஏறினேன். அறுபதுகளின் கடைசி அது. எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மழை அடித்தது. சுற்றி எட்டுப் பத்துப் பெண் பிள்ளைகள், மடி நிறைய கலர் கலராக மிச்சக் கம்பளி. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன்.

"தெரியும்லே" என்றாள்.

"என் முகத்திலயே தெரிஞ்சுதா மதினி?"

"ஒன் மூஞ்சிய யாரு பாத்தா? நான் பாத்தது உங்கண்ணன. நூலக் கொண்டாந்தவுக அவுக. அதச் சொன்னா வேல போயிரும். ஒரு பத்து வயசுப் பய வாய்க்குப் பின்னால ஒளிஞ்சு நின்னாக. அங்கன எனக்கு என்ன சோலி? அதான் ஏறிட்டேன்."

அந்த வார்த்தையில் எனக்கு ஒரு நிம்மதி வந்ததை மறைக்க விரும்பவில்லை. வெட்கமில்லாமல் கேட்டேன்: "அப்போ எம்மேல கோவம் இல்லயா?"

"இல்லன்னு எவ சொன்னா?" அவள் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்ல இம்புட்டுத் தூரம் வந்திருக்க. இது லேசான சோலி. தெரியாதவுக அங்கன இருக்காக. போயி அவுககிட்டச் சொல்லு."

மழையோடு பஸ் ஏறினேன். ஊர் வந்து இறங்கினேன். சொல்லவில்லை. ஐயா இருக்கும்போது சொல்லவில்லை. அண்ணன் மரியாதை, இரண்டாவதாக வந்த அண்ணிக்கு மனவருத்தம், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது. நன்றாகப் படித்தவனுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. மதினி இறந்த செய்தி கார்டில் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை, நானும் போகவில்லை. பிறகு வீட்டுப் பெரியவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள், அக்கா கடைசியில்.

போன தையில் அக்கா மகளிடம் சொன்னேன். அவளுக்கே இப்போது அறுபது வயதுக்கு மேல். இடது பக்கத்து முடியை இழுத்துக் காதை மூடித்தான் இன்றும் கொண்டை போடுவாள். முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"எங்கம்மா சாகுற மட்டும் அத்தைய ஏசுனா மாமா. என்னையும் ஏச வச்சா. நீங்க பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சீக."

"ஆமா."

"வைகாசியில எம் பேரனுக்குக் காதுகுத்து. எல்லாரும் வருவாக. அங்கன சொல்லுங்க."

காதுகுத்து குலசாமி கோயிலில். ஆசாரி வேலையை முடித்து, குழந்தை அழுது ஓய்ந்து, பந்திக்கு இலை போடுகிற நேரம். அக்கா மகள் போய் ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தச் சொன்னாள். நான் எழுந்து நின்று சொன்னேன். கிணறு, வண்டி, லேபிள், நாக்கில் வைத்தது, வண்டி முன்னால் நின்று சொன்ன வார்த்தை, நூல் எப்படி வீட்டுக்கு வந்தது, எல்லாம். கொஞ்ச நேரத்திலேயே சலசலப்புத் தொடங்கிவிட்டது. "பெருசுக்கு வயசாயிருச்சு", "சின்னதுல செஞ்சது, போகட்டும் விடுங்க", "இலை காயுது". அண்ணன் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"செத்துப்போன எங்கப்பாவ எதுக்குச் சித்தப்பா சந்தியில இழுக்கீக? இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதீக."

"ஏறல" என்றேன். உட்காரவில்லை.

யாரோ பாட்டைப் போடச் சொன்னார்கள். அக்கா மகள் ஒலிபெருக்கி வைத்திருந்த பையனைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தாள். மைக்கை வாங்கி, ஜனங்களைத் தாண்டி நடந்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க மாமா" என்றாள். "பின்னால இருக்கவகளுக்குக் கேக்கல."

சொன்னேன்.